டீன் ஏஜ் ஏன் பதின்மூன்றில் தொடங்குகிறது?

போன தீபாவளிக்கு அக்கா மகளுக்குத் துணி எடுக்கப் போயிருந்தோம். இரண்டாவது மாடியில் ‘கிட்ஸ்’ பிரிவில் அவளுக்கு எதுவும் பொருந்தவில்லை. போட்டுப் பார்த்த சுடிதாரின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. தோள்பட்டை இறுக்கிப் பிடித்தது. “பாப்பாவுக்கு இதுல சைஸ் வராது மேடம். டீன்ஸ் மேல, மூணாவது மாடி” என்றார் அங்கிருந்த விற்பனைப் பெண். அக்கா மகள் படியில் கால் வைத்தவள் நின்று, “சித்தி, எனக்குப் பன்னெண்டுதானே ஆவுது? நான் இன்னும் டீன் இல்லையே?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பன்னிரண்டில் இல்லாத எது பதின்மூன்றில் வந்து சேருகிறது? உடம்பைக் கேட்டால் பதில் கிடைக்காது. சில பெண் குழந்தைகள் பத்து வயதிலேயே வளரத் தொடங்கிவிடுகிறார்கள்; சில பையன்களுக்குப் பதினைந்தில்தான் குரல் உடைகிறது. பதில் இருப்பது ஆங்கிலேயர் எண்ணிய விதத்தில்.

ஆங்கிலத்தில் 13 முதல் 19 வரை ஏழு எண்ணுப்பெயர்களும் ‘டீன்’ என்று முடிகின்றன. தர்ட்டீன், ஃபோர்ட்டீன், ஃபிஃப்டீன் என்று நைன்ட்டீன் வரைக்கும். அந்த ‘டீன்’ வேறொன்றுமில்லை, பத்துதான். பழைய ஆங்கிலத்தில் பத்தைக் குறித்த சொல்லின் இன்னொரு வடிவம். லெவனும் ட்வெல்வும் மட்டும் இந்த வரிசையில் சேரவில்லை. அவை பிறந்த வழி வேறு. பத்து விரலையும் மடக்கி எண்ணி முடித்த பிறகு ‘ஒன்று மிச்சம்’, ‘இரண்டு மிச்சம்’ என்பதுதான் அவற்றின் வேர்ப்பொருள். ஆட்டை எண்ணிய எவரோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார். அதனால்தான் பன்னிரண்டு வயதுக் குழந்தை இன்றும் அந்தப் பருவத்தின் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

பிரெஞ்சுக்காரர்களின் எண்களை வைத்து இந்தப் பருவத்துக்குப் பெயர் சூட்டியிருந்தால் கதையே மாறியிருக்கும். அவர்களுக்கு 11 முதல் 16 வரை ஒரு வகைச் சொற்கள். 17 வந்ததும் ‘பத்து-ஏழு’ என்று வேறு வகை. பருவம் பதினொன்றில் தொடங்கிப் பதினாறில் முடிந்திருக்கும். நம் தமிழிலோ பதினொன்றிலேயே பத்து தெரிகிறது. பன்னிரண்டிலும் அது உருமாறி இருக்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் ‘பதின்பருவம்’, ‘பதின்ம வயது’ என்ற சொற்களை நாம் உண்டாக்கிக்கொண்டோம். ஆனால் அந்தப் ‘பதின்’ பதினொன்றையும் சேர்த்தே அணைத்துக்கொள்கிறது. தமிழ்க் கணக்கில் என் அக்கா மகள் எப்போதோ உள்ளே வந்துவிட்டாள்.

பழைய ஆங்கிலத்தில் ‘டீன்’ என்று இன்னொரு சொல்லும் இருந்தது. துயரம், வருத்தம் என்று பொருள். ஷேக்ஸ்பியர்கூடப் பயன்படுத்தியிருக்கிறார். இரண்டுக்கும் வேரில் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் காலையில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒலி ஒற்றுமை மனதில் நின்றுவிடும்.

‘டீன்ஸ்’ என்று அந்த ஏழு ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்வது பழைய வழக்கம். 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1747இல் லண்டனில் டேவிட் கேரிக் மேடையேற்றிய சிறு நகைச்சுவை நாடகத்தின் பெயரே ‘மிஸ் இன் ஹெர் டீன்ஸ்’. கல்யாணத்துக்கு நிற்கும் பதினாறு வயதுப் பெண்ணைச் சுற்றி வட்டமிடும் காதலர்களின் கதை அது. கவனித்துப் பார்த்தால், அங்கே டீன்ஸ் என்பது அவள் கடந்துபோகும் ஒரு காலம் மட்டுமே. அவளை யாரும் ‘டீன் ஏஜர்’ என்று அழைக்கவில்லை. அப்படி ஒரு ஆள் அன்று இல்லை. குழந்தை இருந்தது, பெரியவர் இருந்தார். பதினான்கு வயதுப் பையன் பட்டறையில் இருந்தான், வயலில் இருந்தான், கப்பலில் இருந்தான்.

அந்த ஆளைப் பிறப்பித்தது அமெரிக்கப் பள்ளிக்கூடம் என்றே நினைக்கிறேன். 1910இல் அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடித்த இளையவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான். 1940இல் ஏறத்தாழ பாதிப்பேர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கிளாடியா கோல்டின் விரிவாக ஆராய்ந்த மாற்றம் இது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் பெரியவர்களுக்கே வேலை கிடைக்காதபோது சிறுவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? 1938இல் வந்த தொழிலாளர் சட்டம் 16 வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலை வேலையிலிருந்து விலக்கியது. காலையிலிருந்து மாலைவரை தன் வயதுக்காரர்களோடு மட்டுமே பழகும் ஒரு தலைமுறை, மனித வரலாற்றில் அநேகமாக முதன்முறையாக, ஒரு நாடு முழுக்க உருவானது. அவர்களுக்கென்று ஒரு பேச்சு, ஒரு நடனம், கணுக்கால்வரை மடித்துவிட்ட ஒரு வெள்ளை சாக்ஸ் எல்லாம் வந்தன. பெயரும் வந்தது. 1941இல் ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு வரிதான் டீன் ஏஜர் என்ற சொல்லுக்கு முதல் சான்றாக நெடுங்காலம் காட்டப்பட்டது; அதற்கும் முந்தைய சான்றுகள் பிறகு கிடைத்தன. ஆனால் சொல் ஊரெல்லாம் பரவியது போர்க்காலத்தில்தான்.

1944 அக்டோபர் 12. நியூயார்க் பாரமவுன்ட் தியேட்டரில் ஃபிராங்க் சினாட்ராவின் கச்சேரி. முதல் காட்சி முடிந்தும் பெண்பிள்ளைகள் இருக்கையை விட்டு எழவில்லை. ஒருமுறை டிக்கெட் வாங்கினால் நாள் முழுக்க உட்காரலாம் என்பது அங்கே விதி. வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்து பொறுமை இழக்க, சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. அவர்களைப் பெரியவர்கள் பயத்தோடு பார்த்தார்கள். வியாபாரிகள் ஆர்வத்தோடு பார்த்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், அதே ஆண்டு செப்டம்பரில், ஹெலன் வாலன்டைனை ஆசிரியராகக் கொண்டு ‘செவன்டீன்’ பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்து, நான்கு லட்சம் பிரதிகள் சில நாட்களிலேயே தீர்ந்திருந்தன. அதன் விளம்பரப் பிரிவைக் கவனித்த எஸ்டெல் எல்லிஸ் ஒரு கற்பனைப் பெண்ணை உருவாக்கினார். பெயர் டீனா. அவள் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, என்ன வாங்குவாள், அம்மாவை எதை வாங்கவைப்பாள் என்று ஆய்வு நடத்தி விளம்பரதாரர்களிடம் கொண்டுபோனார். எங்களை மூன்றாவது மாடிக்கு இழுத்த அந்த ‘டீன்ஸ்’ பிரிவுக்கு வயது எண்பதைத் தொட்டுவிட்டது.

வியாபாரத்துக்கு மட்டும் பயன்பட்ட சொல் என்று இதை நான் ஒதுக்க மாட்டேன். 1945 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழ், டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான உரிமைப் பட்டியல் ஒன்றைப் பத்து அம்சங்களாக வெளியிட்டது. தவறு செய்ய உரிமை, விதிகளுக்குக் காரணம் கேட்க உரிமை, தன் வாழ்க்கையைப் பற்றித் தானும் பேச உரிமை. பெயர் கிடைத்த பிறகுதான் ஒருவருக்கு உரிமை கேட்க முடிகிறது. இன்றைக்கும் எத்தனை வீடுகளில் இந்த மூன்றில் ஒன்றாவது பிள்ளைக்குக் கிடைக்கிறது?

மருத்துவர்களும் உளவியலாளர்களும் இதே பிள்ளைகளை ‘அடலசன்ட்’ என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல் அது. வளர்தல் என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லின் நிகழ்கால வடிவம். ‘வளர்ந்துகொண்டிருப்பவர்’. அதே வினையின் இறந்தகால வடிவம்தான் ‘அடல்ட்’, ‘வளர்ந்துவிட்டவர்’. ஒரே சொல்லின் இரண்டு காலங்கள். இன்னும் உள்ளே போனால் அதன் அடியில் ஊட்டுதல் என்ற பொருள் கிடக்கிறது. நம் கல்லூரிகளில் ‘அலும்னி மீட்’ என்கிறோமே, அந்த அலும்னியும் அதே ஊட்டுதலில் பிறந்த சொல்தான். ஊட்டப்படுகிறவர், அதனால் வளர்கிறவர். 1904இல் ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் ‘அடலசன்ஸ்’ என்ற பெயரில் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதி, இந்தப் பருவம் புயலும் கொந்தளிப்பும் நிறைந்தது என்றார். அந்தப் புயல் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ஊட்டுதல் என்ற பொருளோ மறந்தேபோனது. நம் பாடநூல்களும் மருத்துவமனைப் பலகைகளும் சொல்லும் ‘வளரிளம் பருவம்’ அந்த வளர்தலை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. வளர்ந்த இளமை மட்டும் அல்ல, வளரப்போகும் இளமை மட்டும் அல்ல. வினைத்தொகையாக, மூன்று காலத்தையும் மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறது.

கடையில் ஒரு பெயர், மருத்துவமனையில் ஒரு பெயர். காவல் நிலையத்துக்குப் போனால் மூன்றாவது பெயர்: ‘ஜுவனைல்’. இளைஞன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர்களுக்கு நாற்பது வயதுக்காரரும் அதில் அடக்கம். 1899இல் சிகாகோவில் சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் அமைந்தபோது, பெரியவர்களின் சிறையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அந்தச் சொல்லை வாசலில் எழுதினார்கள். காலப்போக்கில் அதுவே கறையாகிவிட்டது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், தலைப்பில் அந்தச் சொல்லை வைத்திருந்தாலும், தவறு செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளையை உள்ளே ‘குழந்தை’ என்றுதான் குறிப்பிடுகிறது.

யாருக்கு எந்தப் பெயர் கிடைக்கிறது என்பதைப் பார்க்க 1955 போதும். அந்த அக்டோபரில் ஜேம்ஸ் டீன் நடித்த ‘ரெபல் வித்தவுட் எ காஸ்’ திரைக்கு வந்தது. சிவப்பு ஜாக்கெட், கார், வீட்டோடு கோபம். உலகம் முழுக்க டீன் ஏஜர் என்றால் அந்த முகம்தான் என்றானது. அதே ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் கிளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண் பள்ளி முடிந்து பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழச் சொன்னார்கள். எழவில்லை. அதே நகரில் ரோசா பார்க்ஸ் எழ மறுத்துப் புகழ்பெறுவதற்கு ஒன்பது மாதம் முன்பு. இரண்டு காவலர்கள் இழுத்தபோது மடியிலிருந்த பாடப்புத்தகங்கள் சிதறின. கைவிலங்கு போட்டு, பெரியவர்களின் சிறையில் அடைத்தார்கள். பிறகு சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தி, குற்றவாளி என்று தீர்ப்பளித்து, கால வரம்பில்லாத கண்காணிப்பில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மான்ட்கோமரி பேருந்துகளில் நிறப் பிரிவினையை முடித்துவைத்த வழக்கில் வாதிகளில் ஒருத்தி அவள். ஆனாலும் அவள் கண்காணிப்பு முடிந்தது என்று யாரும் அவளுக்கு எழுதி அனுப்பவில்லை.

2021இல் ஒரு நீதிபதி அந்தச் சிறார் நீதிமன்றக் கோப்பை அழிக்க உத்தரவிட்டார். அதுவரை பதிவேட்டில் ஜுவனைலாகவே இருந்த கிளாடெட் கால்வினுக்கு அப்போது வயது 82.