காதல் முறிந்தது, கசப்பு மிஞ்சவில்லை

தேவ் ஆனந்த் – சுரையா காதல் கதை

பம்பாய் பட உலகில் முறிந்த காதல்கள் ஏராளம். ஆனால் முறிந்த பிறகும் ஒருவர் பெயரை மற்றவர் கெடுக்காமல் வாழ்ந்து காட்டியவர்கள், நடிகர் தேவ் ஆனந்தும் நடிகை சுரையாவும்.

1948-ம் ஆண்டு "வித்யா" படத்தில் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தார்கள். சொந்தக் குரலில் பாடி நடித்த சுரையா அப்போதே பெரிய நட்சத்திரம். தேவ் ஆனந்த் திரைக்கு வந்து 2 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பாடல் காட்சி ஒன்றைப் படம் பிடித்தபோது படகு கவிழ்ந்தது. தண்ணீரில் தத்தளித்த சுரையாவை தேவ் ஆனந்த் காப்பாற்றினார். பழக்கம் காதலாக மலர்ந்தது. 1951 வரை இருவரும் 7 படங்களில் ஜோடியாக நடித்தார்கள்.

பாட்டி எதிர்ப்பு

சுரையா முஸ்லிம், தேவ் ஆனந்த் இந்து. சுரையாவின் வீட்டில் பாட்டி வைத்ததுதான் சட்டம். அவர் இந்தக் காதலுக்குக் குறுக்கே நின்றார். தேவ் ஆனந்த் வைர மோதிரம் வாங்கிக் கொடுத்தும் பயன் இல்லை. வீட்டாரை மீறி வர சுரையாவுக்குத் துணிவு வரவில்லை.

ஆத்திரம் அடைந்த தேவ் ஆனந்த், "கோழை" என்று அவரை ஏசினார். பிறகு அண்ணன் சேத்தன் ஆனந்தின் தோளில் சாய்ந்து அழுதார். ஆத்திரமும் அழுகையும் அத்தோடு சரி. மறுபடி வேலையில் இறங்கினார்.

ஒரே ஆண்டில்

1954-ம் ஆண்டு "டாக்சி டிரைவர்" படப்பிடிப்பின் இடைவேளையில், உடன் நடித்த கல்பனா கார்த்திக்கை தேவ் ஆனந்த் மணந்தார்.

அதே ஆண்டு, சுரையா பாடி நடித்த "மிர்சா காலிப்" வெளிவந்து, ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது. பிரதமர் நேருவே சுரையாவைப் பாராட்டினார்.

1963-ல் "ருஸ்தம் சொராப்" படத்தோடு சுரையா திரை உலகை விட்டு விலகினார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. மெரின் டிரைவ் வீட்டில் வாழ்ந்தார்.

பழி சொல்லவில்லை

பல ஆண்டுகளுக்குப் பின் பேட்டி ஒன்றில், தன்னிடம் துணிவு இல்லாமல் போனது உண்மைதான் என்று சுரையா ஒப்புக்கொண்டார். "கோழை" என்று ஏசியவர் மீது பழி சொல்லவில்லை.

2004 ஜனவரி 31-ல் சுரையா மறைந்தார். 2007-ல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் தேவ் ஆனந்த் அந்தக் காதலை மறைக்காமல் எழுதினார். 2011 டிசம்பர் 3-ல் அவரும் மறைந்தார்.

சாதி, மதம், மொழி என்று பெரியவர்கள் குறுக்கே நிற்பது இன்றும் உண்டு. மறுத்துவிட்ட பெண்ணை, பழைய கடிதத்தையும் போட்டோவையும் காட்டி மிரட்டுவோரும் உண்டு. அது காதல் அல்ல, வஞ்சம்.

கைக்கு எட்டாமல் போனவரையும் நிம்மதியாக வாழ விடுவதுதான், காதலுக்குச் செய்யும் கடைசி மரியாதை.