சிறிய ஜீப் வண்டியும் அதன் நோய்களும்

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி இரவு. பிரசவ வலி கண்ட ஒரு தாயை ஏற்றிக்கொண்டு எமது பங்கின் சிறிய ஜீப் வண்டியில் வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். காட்டுப் பாதையில் பாதித் தூரம் போனதும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை நிறுத்தினோம். கூட வந்த மூதாட்டி செபமாலையை எடுத்தார். நாமோ அவசரத்தில் றேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனோம். "சுவாமி, கையை எடுங்கோ!" என்று சாரதி எம்மைப் பின்னால் இழுத்திராவிட்டால் அந்தக் கொதிநீர் எமது முகத்தில்தான் பாய்ந்திருக்கும். அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்து, குடிப்பதற்குக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் எதுவும் நடந்திருக்கலாம்.

மறுநாள் கராஜில் றேடியேற்றரைக் கழற்றிப் பார்த்தபோது அதன் மெல்லிய குழாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு படிந்து அடைபட்டிருந்தது. அந்தச் சுண்ணாம்பு எமது கிணற்றில் இருந்து வந்தது. அதை வாளியில் அள்ளி ஊற்றியவர்களும் நாமே.

கிராமங்களில் பணிபுரிவோர் பலரிடம் இன்று இத்தகைய சிறிய நாற்சக்கர உந்து வண்டிகள் உள்ளன. சுசுக்கி ஜிம்னி, விற்றாரா, டைகட்சு ரெறியோஸ் போன்றவை. பெரும்பாலானவை இருபது முப்பது வயதைக் கடந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதிய வண்டி எம்மைப் போன்றோருக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றது. ஆகவே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். வைத்தியர் நோயாளியிடம் "எப்போது வலிக்கின்றது?" என்று கேட்பதுபோல, வண்டியின் கோளாறு எப்போது தோன்றுகின்றது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். "வண்டி சரியில்லை" என்று மட்டும் கராஜில் சொல்பவர் தேவையற்ற உதிரிப்பாகங்களுக்கும் பணம் கொடுக்க நேரிடும்.

முதலில் சூடேறுதல். மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்தால் குறை பெரும்பாலும் விசிறியில் உள்ளது. ஓடும்போது எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுவதால் குறை மறைந்துவிடுகின்றது. மாறாக, வேகமாக ஓடும்போதும் பாரம் ஏற்றிச் செல்லும்போதும் சூடேறினால் றேடியேற்றர் அடைபட்டிருக்கலாம், அல்லது நீர்ப் பம்பி நீரைச் சரியாகத் தள்ளாதிருக்கலாம். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏற, றேடியேற்றரின் மேற்குழாய் குளிராகவே இருந்தால், தெர்மோஸ்ரற் மூடிய நிலையில் இறுகியிருக்கின்றது எனக் கொள்ளலாம். கீழே ஒரு துளியும் ஒழுகாமல் நீர் குறைந்துகொண்டே வந்து, புகைக்குழாயில் வெண்புகையும் றேடியேற்றரில் குமிழிகளும் தோன்றினால், சிலிண்டர் தலையின் கஸ்கற் பழுதடைந்திருக்கக் கூடும். அப்படியானால் அந்த வண்டியை ஓட்டவேண்டாம். இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

சூடான வண்டியின் மூடியை ஏன் திறக்கக்கூடாது? சாதாரண நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். மூடி கொடுக்கும் அழுத்தத்தினால் அந்நீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்க, அவ்வளவு நீரும் ஒரேயடியாகக் கொதித்து வெளியே பாய்கின்றது. ஆகவே கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். பின்னர் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். கொதிக்கும் இரும்பில் குளிர்நீரை ஒரேயடியாக ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கவோ வளையவோ செய்யும். வழியில் முள் ஏறத் தொடங்கினால் குளிரூட்டியை நிறுத்தி, ஹீற்றரை முழுவதும் திறந்துவிடுங்கள். எமது வெயிலில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆயினும் ஹீற்றர் என்பது இன்னொரு சிறிய றேடியேற்றரே. எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியேற்றிவிடும்.

எமது கராஜ்களில் ஒரு பழக்கம் உண்டு: வண்டி சூடேறினால் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். குளிர் நாட்டுக்காரருக்குத்தான் அது தேவை என்பார்கள். இது தவறு. அந்தச் சிறிய கதவு ஏறத்தாழ 82 முதல் 88 பாகையில் திறந்து, எஞ்சினை அதற்கு ஏற்ற சூட்டில் வைத்திருக்கின்றது. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஒயில் விரைவில் கெடும். 2022இல் கியூ.ஆர். அட்டையுடன் வரிசையில் நின்ற எவருக்கும் ஒரு லீற்றர் பெற்றோலின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

நீரைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையில் தோண்டப்பட்டவை. உங்கள் கேத்தலின் அடியில் படியும் அதே வெண்படலம் றேடியேற்றரிலும் படிகின்றது. கரையோரக் கிணற்று நீரில் உப்பும் சேர்ந்துகொள்வதால் துரு அரிக்கின்றது. காய்ச்சி வடித்த நீரும் கூலன்ற் திரவமும் சம பங்காகக் கலந்து ஊற்றுவதே நன்று. அவசரத்துக்குக் கிணற்று நீரை ஊற்றினால், பின்னர் முழுவதையும் வடித்துக் கழுவிவிடுங்கள். நாம் இதைச் செய்யாததன் பலனை மேலே கூறினோம்.

அடுத்தது, பலர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கும் நாற்சக்கர உந்து. பழைய ஜிம்னி, விற்றாரா ஆகியவற்றில் பின் சக்கரங்களே எப்போதும் இழுக்கின்றன. நெம்பை மாற்றும்போது முன் சக்கரங்களும் பிணைக்கப்படுகின்றன. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் ஓட வேண்டும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்குவதால் அந்த வித்தியாசம் சரிசெய்யப்படுகின்றது. காய்ந்த தார் வீதியில் வழுக்க இடமில்லை. ஆகவே கியர்ப் பெட்டியும் தண்டுகளும் முறுக்கேறி, ஸ்ரியரிங் இறுகி, நெம்பும் திரும்பி வராது. பலர் இதைப் பழுது என எண்ணிப் பெட்டியைக் கழற்றியிருக்கின்றார்கள். நேராகச் சில மீற்றர் பின்னோக்கி ஓட்டினாலே பெரும்பாலும் முறுக்கு விடுபட்டு நெம்பு வந்துவிடும். நான்கு ரயர்களும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதும் இதே காரணத்தினாலேயே. முன்னால் இரண்டு புதியதும் பின்னால் இரண்டு தேய்ந்ததும் போட்டு நாற்சக்கர உந்தில் ஓட்டுவது பெட்டியை வதைப்பதாகும்.

"நாலு வீலும் வேலை செய்யவில்லை" என்று முறையிடுவோர் முன் சக்கரத்தின் நடுவே உள்ள குமிழை முதலில் பார்க்கவும். சில வண்டிகளில் அதைக் கையால் திருப்பிப் பூட்டவேண்டும். சேற்றில் புதைந்த பின் குனிந்து அதைத் தேடிய அனுபவம் எமக்கும் உண்டு. மாதம் ஒருமுறையாவது மணற்பாதையில் சில கிலோமீற்றர் நாற்சக்கர உந்தில் ஓட்டினால் ஒயில் பரவி, நெம்பும் இறுகாது. தாழ் கியருக்கு மாற்றுவதாயின் வண்டியை முற்றாக நிறுத்தவேண்டும். ஆழ்மணலில் ரயரின் காற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் ரயர் அகன்று மணலின் மேல் மிதக்கும். தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் காற்றடிக்க மறக்கக்கூடாது. ஜீப்பின் தோற்றத்தில் இன்று விற்கப்படும் சிறிய வண்டிகளிற் பல முன் சக்கரத்தால் மட்டும் ஓடுபவை என்பதையும் வாங்கும்போது கவனியுங்கள். உயரம் மட்டும் சேற்றைக் கடக்க உதவாது.

மாரி காலத்தில் வாய்க்காலையும் துரிசையும் கடப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஓடிச் சூடான அச்சுப் பெட்டி திடீரெனக் குளிர்நீரில் மூழ்கும்போது உள்ளே உள்ள காற்றுச் சுருங்குகின்றது. அந்த இடத்தை நிரப்ப, காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீர் உறிஞ்சப்படுகின்றது. மழைக்குப் பின் அச்சு ஒயிலை ஒருமுறை திறந்து பாருங்கள். பால் தேநீரின் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது. உடனே மாற்றாவிடில் பற்சக்கரங்களும் பெயாரிங்குகளும் போய்விடும். எஞ்சினின் காற்றுக்குழாய் வழியாக நீர் போய் எஞ்சின் நின்றுவிட்டால், மீண்டும் ஸ்ரார்ட் செய்யவே கூடாது. நீரை அமுக்க முடியாததால் உள்ளே உள்ள தண்டு வளைந்துவிடும். ஓடும் வெள்ளம் அரை மீற்றர் இருந்தாலே இப்படிப்பட்ட இலேசான வண்டியை மிதக்கச் செய்து இழுத்துச் செல்லக்கூடும். அப்போது திரும்பிப் போவதே சரி, திருப்பலி தாமதித்தாலும் பரவாயில்லை. கரையேறியதும் பிறேக்கை மெல்ல அழுத்தியவாறு சிறிது தூரம் ஓட்டி, உள்ளே நனைந்ததைக் காயவிடுங்கள்.

காலையில் சாவியைத் திருப்பியதும் "டிக்" என்ற ஓசை மட்டும் வந்தால் புதுப் பற்றறி வாங்க ஓடவேண்டாம். முனைகளில் வெண்பச்சைப் பூசணம் படிந்திருந்தால் வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, இறுக்கிப் பாருங்கள். நிலக் கம்பி வண்டியின் உடலோடு சேரும் இடத்தையும் சுரண்டித் துப்புரவாக்குங்கள். மன்னார்க் கரையின் உப்புக்காற்றில் இந்த இடமே முதலில் துருப்பிடிக்கின்றது. அதன் பின்னும் வராவிட்டால் வோல்ற்றுமானி கொண்டு பார்க்கலாம். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ற்று இருந்தால் பற்றறி நிறைந்துள்ளது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறாவிட்டால் குறை மின்பிறப்பாக்கியில், அல்லது அதை ஓட்டும் பெல்ற்றில்.

ஜிம்னியை ஓட்டுபவர்கள் 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்ரியரிங் பயங்கரமாக நடுங்குவதை அறிவார்கள். முன் அச்சு ஒரே தண்டாக இருப்பதால் ஒரு சக்கரத்தின் ஆட்டம் மற்றதற்கும் பாய்கின்றது. ரயர்ச் சமநிலையை முதலில் பாருங்கள். பின்னர் அச்சைப் பிடித்திருக்கும் தண்டின் றப்பர்ப் புஷ்களையும், கடைசியாகச் சக்கர மூட்டின் கிங்பின் பெயாரிங்கையும் பாருங்கள். ஸ்ரியரிங்கிற்குப் புதிய டாம்பர் பூட்டினால் சில மாதங்களுக்கு நடுக்கம் மறையும். ஆயினும் தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும்.

1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய வித்தையைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். ஒஸ்ரின், மொறிஸ் போன்ற தாழ்ந்த அமுக்கத்து எஞ்சின்கள் அதைத் தாங்கின. இன்றைய இன்ஜெக்சன் எஞ்சின் தாங்காது. எவராவது மலிவென்று கலந்து தந்தால் வாங்கவேண்டாம்.

ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சினாயின், பழைய வண்டியை வாங்கிய உடனேயே அதை மாற்றி, கிலோமீற்றரைக் கொப்பியில் எழுதி வையுங்கள். முன்பு எப்போது மாற்றினார்கள் என்ற விற்பவரின் வாய்ச்சொல்லை நம்புவதிற் பயனில்லை. செம்மண் பாதையில் ஓடுபவர்கள் காற்று வடிகட்டியைப் புத்தகத்தில் உள்ள கணக்குக்குக் காத்திராமல் வாரம் ஒருமுறை எடுத்துத் தட்டிப் பார்க்கலாம்.

எமது வண்டியின் பின் ஆசனத்தடியில் இப்போது ஒரு பெட்டி உண்டு: ஐந்து லீற்றர் காய்ச்சி வடித்த நீர், ஒரு பான் பெல்ற், றேடியேற்றர் மேற்குழாய் ஒன்று, கிளிப் இரண்டு, பியூஸ்கள், ரோச் லைற், தடித்த துணி. மூடியை எப்போது திறப்பது என்பதைச் சாரதியே தீர்மானிப்பார்.