துரோகியா, தளபதியா? 950 ஆண்டுகளுக்குப் பிறகு சாட்சி சொல்லும் ஈய முத்திரைகள்!

ஓ.டி.பி வராமல் இன்று பாதி வேலை நடக்காது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பைசாந்தியப் பேரரசில் அந்த வேலையைச் செய்தது, கடிதத்தில் தொங்கிய ஒரு சின்ன ஈய வில்லை!

சுத்தியல் அடியில் பதிந்த பெயர்

கடிதத்தை மடித்து நூலால் கட்டுவார்கள். நடுவில் துளையுள்ள ஈய வில்லைக்குள் அந்த நூலைச் செலுத்தி, இடுக்கி போன்ற இரும்புக் கருவியில் வைத்து சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். இரு பக்கமும் உருவமும் எழுத்தும் பதியும். துளை நசுங்கி நூலை இறுக்கிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு பக்கம் மாதா அல்லது புனிதர்; மறுபக்கம் அனுப்பியவரின் பெயர், பட்டம், பதவி. கடிதங்கள் அழிந்துவிட்டன. ஈயம் மிஞ்சியது. வாஷிங்டனில் உள்ள டம்பார்டன் ஓக்ஸ் நிறுவனத்தில் மட்டும் சுமார் 17,000 முத்திரைகள் இருக்கின்றன.

நிலம் போச்சு, பட்டம் வந்துச்சு

11-ம் நூற்றாண்டில் ஆர்மீனிய அரசுகளைப் பைசாந்தியம் ஒவ்வொன்றாக விழுங்கியது. 1021-ல் வாஸ்புரகான் மன்னர் செனெக்கெரிம் நாட்டைக் கொடுத்துவிட்டு செபாஸ்தியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1045-ல் ஆனி நகரமும் கைமாறியது. யூக்ளிடின் கணிதத்தை ஆர்மீனிய மொழிக்குக் கொண்டுவந்த அறிஞர், இளவரசர் கிரிகோர் பஹ்லவுனியும் தன் நிலத்தை ஒப்படைத்தார். பதிலுக்குக் கிடைத்தது 'மாஜிஸ்ட்ரோஸ்' பட்டம். இன்றும் வரலாறு அவரை 'கிரிகோர் மாஜிஸ்ட்ரோஸ்' என்றுதான் அழைக்கிறது.

யார் இந்த ஃபிலாரெட்டோஸ்?

ஆர்மீனியரான ஃபிலாரெட்டோஸ் பிரகாமியோஸ், பைசாந்தியத் தளபதி. 1071-ல் மான்சிகெர்ட் போரில் பேரரசர் நான்காம் ரொமானோஸ் செல்ஜுக் துருக்கியரிடம் பிடிபட்டார். அடுத்து வந்த ஏழாம் மிக்கேலை ஃபிலாரெட்டோஸ் ஏற்கவில்லை. பேரரசின் தென்கிழக்கில் தனி ஆட்சியே நடத்தினார். ஆர்மீனிய வரலாற்றாசிரியர் எடெஸ்ஸாவின் மத்தேயு அவரைக் கொடியவர் என்றே எழுதிவைத்தார்.

முத்திரைகள் காட்டும் ஃபிலாரெட்டோஸ் வேறு. குரோபலாதெஸ், செபாஸ்தோஸ், புரோட்டோசெபாஸ்தோஸ் என்று அவற்றில் அவருடைய பட்டங்கள் படிப்படியாக உயர்கின்றன. கிழக்குப் படைகளின் தலைமைத் தளபதி என்ற பதவியும் இருக்கிறது. 1078-ல் அரியணை ஏறிய மூன்றாம் நிகெபோரோஸ் அவரை அங்கீகரித்தார். 1084-ல் அந்தியோக்கியா செல்ஜுக்குகளிடம் போனது. அவருடைய ஆட்சியும் சரிந்தது.

முத்திரையில் இருப்பது அவரே சொல்லிக்கொண்டது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் ஒன்று புரிகிறது: கையில் படையும் கோட்டையும் இருந்தவருக்கும் பேரரசரின் பட்டம் தேவைப்பட்டது. மத்தேயுவின் பேனா கொடியவர் என்று எழுதிய கதையில், அவர் தரப்பைச் சொல்ல மிஞ்சியிருப்பது இந்த ஈய வில்லைகள்தான்!