சுருள் பல்பு உடைந்தால்...?

திசையன்விளையில் எங்கள் வீட்டுப் பரண்மேல் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஏழு பழைய சுருள் பல்புகள். ஒன்றுகூட எரியாது. ஆனாலும் குப்பையில் போடாமல் வைத்திருக்கிறேன். ஏன் தெரியுமா?

முன்பெல்லாம் எல்லார் வீட்டிலும் 60 வாட் குண்டு பல்புதான். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் கம்பி சூடேறிப் பழுத்து ஒளிதரும். வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். கோழிக்குஞ்சுகளின் கூண்டுக்குள் குண்டு பல்பைத் தொங்கவிடுவார்களே, அது கதகதப்புக்காகத்தான்!

அடுத்து வந்தது சி.எஃப்.எல். என்ற சுருள் பல்பு. ஏறக்குறைய அதே வெளிச்சத்துக்கு 14 வாட் போதும். 2009-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். வாங்கிக்கொள்ளலாம். 2015-ல் 'உஜாலா' திட்டம் வந்தபிறகு எல்.இ.டி. பல்புகள் பரவின. அதற்கு 9 வாட்டே போதும்.

ஒரு கணக்குப் போடுவோமா? தினமும் 5 மணி நேரம் எரிக்கிறோம். நமக்குக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 60 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு பல்புக்கு 18 யூனிட். சுருள் பல்புக்கு 4.2 யூனிட். எல்.இ.டி.க்கு 2.7 யூனிட்தான்! "பக்கத்திலேயே கூடங்குளம், சுற்றிலும் காற்றாலை. நமக்கென்ன கரண்டுக்குப் பஞ்சம்?" என்பார் எதிர்வீட்டு அண்ணாச்சி. 2012-ல் இரவும் பகலும் கரண்ட் போனதை அவர் மறந்துவிட்டார்.

சரி, பெட்டிக்கு வருவோம். சுருள் பல்புக்குள் கொஞ்சம் பாதரச ஆவி உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் அது புற ஊதாக் கதிரை வெளியிடும். கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப்பொடி அதை வெளிச்சமாக மாற்றும். பாதரசம் இல்லையேல் ஒளி இல்லை. அளவு என்னவோ சில மில்லி கிராம்தான். பால்பாயின்ட் பேனா முனையை மூடும் அளவு. ஆனால் பாதரசம் நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால் அழியாது, மீன் வழியாக நம் தட்டுக்கே வந்துவிடும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக்கழிவு கடலில் கலந்து ஏராளமானோர் முடங்கிப்போனார்கள். நம் கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையும் பாதரச மாசால்தான் பேசப்பட்டது.

போன கோடை விடுமுறையில் பேரன் அடித்த பந்து திண்ணை பல்பில் பட்டுச் சிதறியது. "தாத்தா, வாரியல் எடுத்துட்டு வரட்டா?" என்று ஓடினான். "ஏலே, தொடாதே!" என்று தடுத்தேன். வாரியலால் கூட்டினால் பொடி காற்றில் பறக்கும். எல்லாரும் கால்மணி நேரம் தள்ளியே இருந்தோம். வீட்டுக்குள் உடைந்தால் ஜன்னல்களையும் திறந்துவிட வேண்டும். பிறகு கையுறை போட்டு, கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளினேன். ஒட்டும் டேப்பால் பொடியை ஒற்றி எடுத்து, ஈரத்தாளால் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு பாட்டிலில் போட்டு மூடினேன். சில்லை எடுப்பது பெரியவர்கள் வேலை, நீங்கள் கை வைக்காதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். விவரம் தெரியாத காலத்தில் இரண்டு பல்புகளைப் புறவாசல் குழியில் நானே எறிந்திருக்கிறேன். பக்கத்தில்தான் முருங்கை மரம்.

எல்.இ.டி.யில் பாதரசம் இல்லை. ஆனால் அதற்கும் குறை உண்டு. உள்ளே இருக்கும் சின்ன மின்சுற்று, வெப்பத்தையும் ஏறி இறங்கும் வோல்டேஜையும் தாங்காமல் சீக்கிரம் கெட்டுவிடுகிறது. மலிவு விலைப் பல்பு ஆறு மாதத்தில் மினுக்கும். மினுக்கும் வெளிச்சத்தில் படித்தால் தலை வலிக்கும்.

2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், சி.எஃப்.எல். பல்பை வீட்டு அபாயக் கழிவு என்று தனியே பிரித்தன. அதை நம்பி, தெருவில் குப்பை வாங்க வரும் அம்மாவிடம் பெட்டியை நீட்டினேன். "எங்கிட்ட மக்குறது, மக்காததுன்னு ரெண்டு கூடைதான இருக்கு சார்" என்றார். மூன்றாவது கூடை வந்தால் குரல் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பெட்டி பரணில்தான். 'பாதரசம், கவனம்!' என்று பேரன் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறான்.