மனை வாங்கும் முன் ஒரு கணக்கு

பொன்முடி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள மலை. அங்கே தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் லயங்களில் குடியிருப்பார்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஓய்வு பெற்றதும் அதை விட்டு வெளியேற வேண்டும். எனவே, நான்கு சென்ட் மனையாவது வேண்டும் என்பது அவர்களின் ஆசை. ஓய்வு பெறும்போது வரும் பணம் ஒருமுறைதான் வரும். அதை யோசித்துச் செலவிட வேண்டும்.

எந்த நிலத்தை வாங்கலாம்?

தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்றால் வாங்காதீர்கள். 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் வைத்திருக்க ஓர் எல்லை வகுத்தது. தோட்டங்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. அந்த நிலம் தோட்டமாகவே இருக்க வேண்டும். மனையாக மாற்றினால் விலக்குப் போய்விடும். வாங்கியவருக்கு வழக்குதான் மிஞ்சும்.

மலையடிவாரத்தில் வாங்கினால் சரிவைப் பாருங்கள். மழைநீர் ஓடும் வழியைப் பாருங்கள். 2001 நவம்பரில் இதே மாவட்டத்தில் அம்பூரியில் மண் சரிந்தது. வீடுகள் புதைந்தன. பலர் இறந்தார்கள்.

கணக்குப் போடுவோம்

பத்துக் குடும்பங்கள் சேர்ந்து 60 சென்ட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 60 சென்டும் மனை ஆகாது. பாதைக்கு 10 சென்ட் போகும். கிணற்றுக்கும் பொது இடத்துக்கும் 5 சென்ட் போகும். மீதி 45 சென்ட். குடும்பத்துக்கு நாலரை சென்ட்.

இனி செலவு. விலைகள் உதாரணத்துக்கு மட்டும்.

நிலம், சென்ட் 50,000 ரூபாய் வீதம்: 30 லட்சம்
முத்திரை, பதிவு, நூற்றுக்குப் பத்து: 3 லட்சம்
அளவை, அனுமதி: 1 லட்சம்
பாதை, ஓடை, தாங்கு சுவர்: 5 லட்சம்
கிணறு, மின்கம்பம்: 3 லட்சம்
எதிர்பாராத செலவு: 3 லட்சம்
மொத்தம்: 45 லட்சம்

45 லட்சத்தை 45 சென்டால் வகுத்துப் பாருங்கள். சென்ட் ஒரு லட்சம்! ஐம்பதாயிரம் என்று சொன்ன நிலம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. இதை முதலில் கணக்கிடாதவர்கள் பாதை போட முடியாமல் பாதியில் நிற்பார்கள். வீடு கட்டப் பணம் இருக்காது.

பணம் கொடுக்கும் முன்

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, நிலவரி ரசீது மூன்றையும் கேளுங்கள். மனை பிரிக்கப் பஞ்சாயத்து கொடுத்த அனுமதியைக் கேளுங்கள். வரைபடத்தில் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்ன பாதை பாதை அல்ல.

வியாபாரி ஒருவர் 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்டுக்கு மேல், மனை பிரித்து விற்கிறாரா? 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள்.

எழுத்தும் கணக்கும் தெரிந்தவர் கேள்வி கேட்பார். கேள்வி கேட்பவரை ஏமாற்றுவது கடினம்.