பட்டியலில் இல்லாத ஊர்

மண்மேடுகளின் கதை – 14

வெம்பக்கோட்டையை ஒட்டிய விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-ல் தோண்டத் தொடங்கியது. மூன்று கட்ட அகழாய்வில் சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், திமில் காளை செதுக்கிய சூதுபவளக் கல் என்று குவிந்துவிட்டன. பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "இவ்வளவு பெரிய ஊரு எப்படிங்க அழிஞ்சது?" என்பார்கள். கூட வந்த பெரியவர் யாராவது பதிலும் சொல்லிவிடுவார்: "ஏதாவது சாமி குத்தமா இருக்கும்."

சாமி குத்தத்தை ஊர் பெயரோடு எழுதியே வைத்துவிட்டுப் போனவர்கள் எபிரேயத் தீர்க்கதரிசிகள். அவர்கள் குறிவைத்தது பெலிஸ்தரை. தாவீதிடம் விழுந்த கோலியாத்தின் இனம். இன்றைய இஸ்ரேலின் தென்கடலோரத்திலும் காசாவிலும் அவர்களுக்கு ஐந்து நகரங்கள்: காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத்.

கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் இந்த நகரங்களின் மேல் தீர்ப்புச் சொல்கிறார். காசா எரியும், எக்ரோன் மேல் கை திரும்பும் என்கிறார். எண்ணிப் பார்த்தால் நான்கு பெயர்தான் வருகிறது. கோலியாத்தின் சொந்த ஊரான காத் இல்லை. பின்னால் வந்த செப்பனியா, எரேமியா, சகரியா பட்டியல்களிலும் அதே நான்குதான்.

காரணம் மண்ணுக்குள் இருந்தது. காத் இருந்த மேட்டில் 1996 முதல் அகழாய்வு நடத்திய ஆரன் மேயிரின் குழு, ஊரை வளைத்து இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டிய முற்றுகை அகழியைக் கண்டெடுத்தது. ஆமோஸுக்கு முன்பே, கி.மு. 830 வாக்கில், அராம் மன்னன் ஆசகேல் காத்தை நாசமாக்கிவிட்டான். விழுந்து கிடக்கிற ஊரைப் பார்த்து விழுவாய் என்று யார் சொல்வார்கள்? இந்த விடுபடல் ஒன்றே எனக்குப் போதும். அன்றைய நிலவரம் தெரிந்தவர்கள்தான் அந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறார்கள்.

எக்ரோன் கதை வேறு. ஆமோஸ் சொன்ன கையோடு அது அழியவில்லை. அசீரியப் பேரரசுக்குக் கப்பம் கட்டிக்கொண்டு அடுத்த நூறாண்டில் கொழித்தது. தோண்டியபோது நூற்றுக்கு மேற்பட்ட ஒலிவ எண்ணெய் ஆலைகளின் தடயம் கிடைத்தது. நடுவில் காய் நசுக்கும் கல்தொட்டி, இரு பக்கமும் பிழியும் தொட்டிகள், நெம்புகோலில் கட்டித் தொங்கவிடத் துளையிட்ட எடைக்கற்கள். விருதுநகர் எண்ணெய் வியாபாரி அந்த இடத்தில் நின்றால் விளக்கம் கேட்க மாட்டார். ஒரே தொழிலை நம்பி வளர்ந்த ஊர் என்பதால் நம் சிவகாசிக்காரர்களுக்கும் அது அந்நியமாகத் தெரியாது.

கி.மு. 604-ல் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் வந்தான். அஸ்கலோன் எரிந்து தரைமட்டமானது. எக்ரோனும் அதே காலத்தில் முடிந்தது. எகிப்தின் சக்காராவில் 1942-ல் ஒரு பாப்பிரஸ் கடிதம் கிடைத்தது. பாபிலோன் படை நெருங்குகிறது, ஆள் அனுப்புங்கள் என்று ஆதோன் என்ற மன்னன் பார்வோனிடம் கெஞ்சுகிறான். அவன் எக்ரோன் மன்னன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அப்படியானால் தீர்க்கதரிசனம் பலித்ததா? பலித்தது என்பவர்களுக்கு 604 கையில் இருக்கிறது. ஆனால் அதே நேபுகாத்நேச்சார்தான் சில ஆண்டுகள் கழித்து எருசலேமையும் எரித்தான். ஆமோஸ் அதையும் விட்டுவைக்கவில்லை. பெலிஸ்தரைச் சாடிய அதே மூச்சில் யூதாவையும் இஸ்ரவேலையும் கூண்டில் ஏற்றுகிறார். காசாவின் மேல் அவர் வைக்கும் குற்றமும் கோயில், பூசை பற்றியதல்ல. மக்களைக் கூட்டமாகச் சிறைபிடித்து ஏதோமியருக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆள் விற்ற வியாபாரம்.

நம் சிவகாசிப் பக்கம் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை அருகே அச்சங்குளம். அப்போதும் சாமி குத்தம், நேரம் சரியில்லை என்ற பேச்சுக்குக் குறைவில்லை. மருந்து அறையில் அளவுக்கு மேல் ஆள், உள்குத்தகை, வெயிலில் அவசர வேலை என்று இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த காரணங்களை மட்டும் மெதுவாகத்தான் பேசுவோம். ஆமோஸாக இருந்தால் யார் செய்தது, என்ன செய்தார்கள் என்று முதல் வரியிலேயே சொல்லியிருப்பார்.

சாமி கோபித்து மண்ணை வாரிக் கொட்டியதாக நம்மிடமும் ஓர் ஊருக்குக் கதை உண்டு. அடுத்த வாரம் உறையூர்.