தள்ளுவது வேறு, ‘ஷவ்’ வேறு



பள்ளி டைரியில் ஆசிரியை எழுதி அனுப்பும் ஆங்கிலக் குறிப்பைப் படித்துச் சொல்லும்படி நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்து வரும் தாய்மார்கள் உண்டு. அப்படி வரும் குறிப்புகளில் தட்டுப்படும் ஒரு சொல் ‘ஷவ்’. அகராதியைப் புரட்டினால் ‘தள்ளு’ என்றிருக்கும். “தள்ளியிருக்கிறான், அவ்வளவுதானே” என்று டைரியை மூடிவிடுகிறோம். ஆசிரியை அதைவிடக் கடுமையான ஒன்றைச் சொல்லியிருக்கிறார்.

சாதாரணமாகத் தள்ளுவதற்கு ஆங்கிலத்தில் ‘புஷ்’ இருக்கிறது. கதவைத் தள்ளுவதும், நின்றுபோன காரைத் தள்ளுவதும், முதியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிச் செல்வதும் ‘புஷ்’தான். ‘ஷவ்’ என்றால் முரட்டுத்தனமும் வேகமும் சேர்ந்தே வரும். எதிரில் இருப்பவர் என்ன ஆவார் என்ற கவலை அதில் இல்லை. “நெட்டித் தள்ளினான்”, “பிடித்துத் தள்ளினான்” என்கிறோமே, அதற்குச் சமம். முதியவரின் நாற்காலியை ஒருவர் ‘ஷவ்’ செய்தார் என்று எழுதினால் படிப்பவர் பதறிப்போவார். நெருக்கடி முற்றிவிட்டால் என்பதற்கு ஆங்கிலேயர் ‘வென் புஷ் கம்ஸ் டு ஷவ்’ என்பார்கள். முதலில் புஷ், அடுத்த படிதான் ஷவ்.

தமிழில் ‘தள்ளு’ என்ற ஒரே சொல்லுக்கு முன்னால் நெட்டி, பிடித்து, இடித்து, முண்டி என்று ஒட்டவைத்து வேறுபாடு காட்டிவிடுகிறோம். பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஒட்டு உதிர்ந்துபோகிறது. படியில் வேண்டுமென்றே பிடித்துத் தள்ளப்பட்ட பிள்ளை ‘புஷ்’ என்று எழுதினால் புகார் கனம் இழந்துவிடும். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் நெருக்கியதால் முன்னால் நின்றவன் மேல் விழுந்த பையனை ‘ஷவ்’ செய்தான் என்று எழுதினால், செய்யாத குற்றம் அவன் தலையில் ஏறும். கூட்டத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வதற்கு ‘ஜாஸில்’ என்று தனிச்சொல் உண்டு. கவனத்தைத் திருப்ப முழங்கையால் மெல்ல இடிப்பது ‘நட்ஜ்’.

உச்சரிப்பிலும் ஒரு சிக்கல். எழுத்தைப் பார்த்து ‘ஷோவ்’ என்று வாசிக்கும் பிள்ளைகள் பலர். ‘லவ்’, ‘அபவ்’, ‘க்ளவ்’ போல ‘ஷவ்’ என்பதே சரி. அப்படியானால் ஏன் ‘யூ’ இல்லாமல் ‘ஓ’ போட்டார்கள்? கையெழுத்துப் பிரதிகளின் காலத்தில் யூ, வி, என், எம் எல்லாம் ஒரே மாதிரியான செங்குத்துக் கோடுகளாகத் தெரிந்ததால், குழப்பம் தவிர்க்க ‘ஓ’ எழுதிப் பழகினார்கள் என்று மொழி வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ‘ஸ்டோவ்’, ‘மூவ்’ ஆகியவையும் இதே எழுத்துகளில் முடிந்து வேறு விதமாக ஒலிப்பதால் மனப்பாடம் தவிர வழியில்லை!

சொல் மிகப் பழையது. மண் அள்ளும் ‘ஷவல்’ இதன் உறவுதான். கரையிலிருந்து படகை உந்தித் தண்ணீரில் இறக்குவது ‘ஷவ் ஆஃப்’. ஆளைப் பார்த்து அதையே சொன்னால் “போய்த் தொலை” என்று பொருளாகிவிடும். கார்ட்டூனில் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் வீட்டில் சொன்னால் இப்போது விளங்கும்.

டைரியில் இந்தச் சொல்லைக் கண்டால், கையெழுத்துப் போடுமுன் பிள்ளையிடம் எங்கே, எதற்காக, கையாலா தோளாலா, மற்றப் பிள்ளைக்கு அடிபட்டதா என்று கேளுங்கள். பதில் எழுதும்போது அந்த விவரங்களையே எழுதுங்கள். எழுத உதவி வேண்டுவோர் அலுவலகத்துக்கு டைரியோடு பிள்ளையையும் அழைத்து வரவும்.